இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லையா? வீட்டில் செய்ய வேண்டியதும் வெளியே அலைய வேண்டியதும்

குழந்தைக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது, இரண்டு ஆகப்போகிறது. 'அம்மா', 'தா' தவிர வேறு சொல் வரவில்லை. டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "ஆம்பளப் புள்ள அப்படித்தான், லேட்டாத்தான் பேசும்" என்கிறார் ஒருவர். "உங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினார்" என்கிறார் இன்னொருவர். இந்த இடத்தில் நிற்கும் பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் மகனுக்காக நாங்கள் அலைந்தபோது முதலில் எங்கே போவது, என்னென்ன கொண்டுபோவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாகச் சொல்ல யாரும் கிடைக்கவில்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காதைச் சோதிப்பதையும் வீட்டில் பேச்சை வளர்ப்பதையும் ஒரே சமயத்தில் தொடங்குங்கள். சோதனை முடிவு வரட்டும் என்று வீட்டு வேலையையும், வீட்டில் முயன்று பார்ப்போம் என்று சோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் தாமாகவே மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுவது உண்மை. ஆனால் எந்தக் குழந்தை எட்டும், எது எட்டாது என்று இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் காத்திருக்க வேண்டாம் என்கிறேன்.

1. ஒரு வாரம் குறிப்பு எடுங்கள்

ஒரு சின்ன நோட்டை அடுப்படியில் வையுங்கள். குழந்தை சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அதில் எழுதுங்கள். எதைச் சொல்லாகக் கணக்கிடுவது என்பதில்தான் குழப்பம் வரும். குழந்தை தானாக, பொருளோடு, ஒரே பொருளுக்கு ஒரே மாதிரி சொன்னால் அது சொல். 'தண்ணி' என்பதை 'தன்னு' என்றாலும் சரி, நாயைப் பார்த்து 'பவ் பவ்' என்றாலும் சரி, கணக்கில் சேரும். தமிழ்ச் சொல்லும் இங்கிலீஷ் சொல்லும் சேர்த்தே எண்ண வேண்டும். வீட்டில் தெலுங்கோ உருதோ சௌராஷ்டிரமோ பேசினால் அதையும் சேருங்கள். நீங்கள் சொல்லச் சொல்லித் திருப்பிச் சொன்னதை மட்டும் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

சொற்களை விட முக்கியமான இன்னொரு பட்டியல் உண்டு. சைகை இல்லாமல் வாயால் சொன்னாலே குழந்தைக்குப் புரிகிறதா? "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் செய்கிறதா? விரலை நீட்டி நிலாவையோ காக்காவையோ உங்களுக்குக் காட்டுகிறதா, காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? பெயரைச் சொல்லிப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா? பேச்சு வராவிட்டாலும் இவை எல்லாம் இருந்தால் நல்ல அறிகுறி. மருத்துவரும் இதைத்தான் முதலில் கேட்பார்.

அப்புறம் போனில் இரண்டு மூன்று வீடியோ எடுத்து வையுங்கள். சாப்பிடும்போது ஒன்று, தானாக விளையாடும்போது ஒன்று, உங்களோடு விளையாடும்போது ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் போதும். மருத்துவமனைக்குப் போனதும் பெரும்பாலான குழந்தைகள் வாயே திறக்காது, அல்லது அழும். அப்போது இந்த வீடியோதான் பேசும்.

2. நாள் கடத்தக் கூடாத அறிகுறிகள்

பொதுவான எதிர்பார்ப்பு இது: 18 மாதத்தில் பத்துச் சொல்லாவது, 2 வயதில் சுமார் 50 சொல்லும் 'அம்மா வா', 'பால் இல்ல' போன்ற இரு சொல் சேர்க்கையும், 3 வயதில் மூன்று சொல் வாக்கியங்களும். மூன்று வயதில் பேசுவதில் முக்கால்வாசி வெளியாளுக்கும் புரிய வேண்டும். குழந்தைக்குக் குழந்தை கொஞ்சம் முன்பின் இருக்கும்.

ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்:

- 12 மாதமாகியும் 'பபப', 'மமம' போன்ற மழலை ஒலி இல்லை. விரல் நீட்டிக் காட்டுவது, டாட்டா காட்டுவது இல்லை.
- 16 மாதமாகியும் பொருளோடு ஒரு சொல்கூட இல்லை.
- 24 மாதமாகியும் சொந்தமாக இரண்டு சொற்களைச் சேர்க்கவில்லை.
- எந்த வயதிலும், முன்பு பேசிய சொற்களோ முகம் பார்த்துச் சிரிப்பதோ நின்றுபோனது.

கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். 'பேசிட்டிருந்தான், இப்ப நிறுத்திட்டான்' என்றால் எந்தப் பெரியவர் என்ன சமாதானம் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

இன்னொரு நிலையையும் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளை ஏபிசிடி முழுக்கச் சொல்கிறது, நூறு வரை எண்ணுகிறது, விளம்பரத்தை அப்படியே ஒப்பிக்கிறது. ஆனால் தாகமெடுத்தால் கேட்கத் தெரியவில்லை. சொந்தக்காரர்கள் கெட்டிக்காரப் பிள்ளை என்று பாராட்டுவார்கள். ஒப்பிப்பது வேறு, ஒருவரிடம் ஒன்றைச் சொல்வது வேறு. இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் 20 கேள்விகள் கொண்ட எம்-சாட் என்ற படிவத்தை நிரப்பச் சொல்லலாம். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு ஆட்டிசத்துக்கான முதல்கட்டச் சல்லடை அது. அதில் மதிப்பெண் கூடுதலாக வந்தாலே ஆட்டிசம் என்று ஆகிவிடாது. அடுத்த கட்ட மதிப்பீடு வேண்டும் என்றுதான் பொருள்.

3. ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இவை தேவைப்படும். ஒரே கோப்பில், நகல் இரண்டிரண்டு எடுத்து வைத்துவிடுங்கள்.

- குழந்தை பிறந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி. எடை, எத்தனையாவது மாதத்தில் பிறந்தது, பிறந்ததும் அழுததா, மஞ்சள் காமாலைக்கு விளக்கு வைத்தார்களா, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்ததா என்பதெல்லாம் இதில்தான் இருக்கும். கேட்கும் திறனுக்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.
- பிறந்தபோது காது சோதனை செய்திருந்தால் அந்தச் சீட்டு.
- தாய் சேய் நல அட்டை அல்லது தடுப்பூசி அட்டை.
- பிறப்புச் சான்றிதழ், குழந்தையின் ஆதார். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கைரேகை இல்லாமலே நீல நிற ஆதார் எடுத்துவிடலாம். பெற்றோரில் ஒருவரின் ஆதார் வேண்டும்.
- குடும்ப அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும்.
- நீங்கள் எழுதிய நோட்டு.

டிஸ்சார்ஜ் சம்மரி தொலைந்திருந்தால், பிறந்த தேதியோடு மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் எழுதிக் கேளுங்கள். கிடைக்க நாளாகும் என்பதால் இந்த வேலையை முதலில் தொடங்குங்கள்.

4. காது சோதனை: நன்றாகக் கேட்பதாகத் தோன்றினாலும் செய்யுங்கள்

"டிவி சத்தம் கேட்டா ஓடி வர்றானே, காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பதுதான் எல்லா வீட்டிலும் சொல்லும் பதில். ஓரளவு கேட்கும் திறன் குறைந்த குழந்தைக்கும் டிவி சத்தம் கேட்கும், கதவு சாத்துவது கேட்கும். 'ச', 'ப', 'த' போன்ற மெல்லிய ஒலிகள்தான் போய்ச் சேராது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு சில வாரம் கேட்கும், சில வாரம் மங்கும். வீட்டில் கைதட்டிப் பார்ப்பதால் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

சோதனைகள் மூன்று. ஓஏஇ என்பது காதில் சின்ன முனையை வைத்துச் சில நிமிடங்களில் முடிவது. குழந்தை அசையாமல் இருந்தால் போதும். நடுக்காதைப் பார்ப்பது இம்பீடன்ஸ் அல்லது டிம்பனோமெட்ரி. இதுவும் சில நிமிடம்தான். பெரா என்பது தலையில் மின்முனை ஒட்டி, ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது. இதற்குக் குழந்தை தூங்க வேண்டும். ஒரு மணி நேரம் வரை ஆகும்.

ஓஏஇ 'பாஸ்' ஆகிவிட்டது, இனி பெரா எதற்கு என்று கேட்காதீர்கள். ஓஏஇ உள்காதை மட்டுமே பார்க்கிறது. உள்காது நன்றாக இருந்து, நரம்பு செய்தியைக் கடத்துவதில் கோளாறு இருந்தால் ஓஏஇ-யில் தெரியாது. குறைமாதத்தில் பிறந்த, கடுமையான மஞ்சள் காமாலை வந்த, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு பெராவைக் கேட்டு வாங்குங்கள்.

பெராவுக்குப் போகும் நாளில்தான் பலர் திரும்பி வர நேர்கிறது. அதற்கான முன்னேற்பாடு:

- முந்தைய இரவு குழந்தையை வழக்கத்தை விடத் தாமதமாகத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்புங்கள். போகும் வழியில் பஸ்ஸிலோ வண்டியிலோ தூங்க விடாதீர்கள். அங்கே தூங்க வேண்டியது வழியிலேயே தூங்கிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது.
- தலைக்குக் குளிப்பாட்டுங்கள். எண்ணெய், பவுடர், நெற்றியில் மை, பொட்டு எதுவும் வேண்டாம். மின்முனை ஒட்டாது.
- சளி, காது வலி, சீழ் இருந்தால் முன்கூட்டியே சொல்லித் தேதியை மாற்றுங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் எடுத்த பிறகே சோதனை.
- தூக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் எடையைச் சரியாகச் சொல்ல வேண்டும். எத்தனை மணி நேரம் உணவு கொடுக்கக் கூடாது என்று முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மருந்தை மருத்துவர் முன்னிலையில் மட்டுமே கொடுக்க வேண்டும். வீட்டில் கொடுத்துக் கூட்டி வரச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

முடிவுச் சீட்டில் இரண்டு காதுக்கும் தனித்தனியாக எத்தனை டெசிபல் வரை பதில் கிடைத்தது என்று இருக்கும். அதை ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர், உங்களுக்கு விளக்கிச் சொல்லும் வரை எழுந்து வராதீர்கள்.

5. எங்கே போவது, எவ்வளவு ஆகும்

முதல் கதவு அரசுக் கதவாகவே இருக்கட்டும் என்பது என் எண்ணம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் 'டி.இ.ஐ.சி' என்ற ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். குழந்தைகள் நல மருத்துவர், ஆடியாலஜிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோர் ஒரே இடத்தில் என்பதுதான் இந்த மையத்தின் அமைப்பு. சேவை இலவசம். இதே திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் ஆண்டுக்கு இரு முறை அங்கன்வாடிக்கு வருவார்கள்; அங்கன்வாடிப் பணியாளரிடம் வரும் நாளைக் கேட்டு வையுங்கள். அந்தக் குழு எழுதிக்கொடுக்கும் பரிந்துரைச் சீட்டோடு போனால் மையத்தில் வேலை எளிது. சீட்டு இல்லாவிட்டாலும் நேரே போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்கலாம். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் புதியவர்களைப் பார்ப்பது அரிது.

மையத்தில் ஆள் பற்றாக்குறை இருக்கலாம், தேதி தள்ளிக் கிடைக்கலாம். அப்போது சோதனையை மட்டும் தனியாரில் முடித்துக்கொண்டு, பயிற்சிக்கு மையத்துக்குப் போகலாம். நாங்கள் விசாரித்த வகையில் தனியாரில் ஓஏஇ ரூ.500 முதல் 1,000 வரை, பெரா ரூ.1,500 முதல் 3,500 வரை. பேச்சுப் பயிற்சி ஒரு அமர்வு, சுமார் 45 நிமிடம், சிறிய ஊர்களில் ரூ.300 முதல் 500, சென்னை, கோவை போன்ற இடங்களில் ரூ.600-க்கு மேல். வாரம் இரண்டு அமர்வு, ஒன்றுக்கு ரூ.500 என்று வைத்தாலே மாதம் ரூ.4,000 ஆகிவிடும். பல மாதம் தொடர வேண்டியிருக்கும் என்பதால் முதல் மாதமே கையில் இருப்பதை எல்லாம் செலவழித்துவிடாதீர்கள்.

விரிவான மதிப்பீடு வேண்டுமென்றால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது. மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இந்தத் துறையில் நாட்டிலேயே பெயர் பெற்றது, கட்டணமும் குறைவு. மேற்கு மாவட்டக்காரர்களுக்கு அது எட்டும் தூரம்.

கேட்கும் திறன் மிகக் குறைவு என்று முடிவு வந்தால் நாட்கள் பொன்னாகிவிடும். காக்ளியர் இம்பிளான்ட் என்ற, உள்காதில் கேட்கும் கருவியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. எவ்வளவு முன்னதாகப் பொருத்துகிறார்களோ அவ்வளவு நல்லது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் என்பது திட்ட வரம்பு. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அட்டை இல்லாதவர்கள் பெரா தேதிக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே இதை முடித்துவிடலாம்.

யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். டி.இ.ஐ.சி-யில் பார்க்கவோ பயிற்சி பெறவோ அது தேவையில்லை. உதவித் திட்டங்களுக்குத்தான் தேவை. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மருத்துவர் சொன்னால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். சிறு குழந்தைகளுக்குக் காலவரையோடுதான் தருவார்கள்.

6. அதே நாளிலிருந்து வீட்டில்

பயிற்சியாளர் வாரத்தில் ஒன்றரை மணி நேரம் குழந்தையோடு இருப்பார். மீதி நேரமெல்லாம் உங்களோடு. ஆகவே உண்மையான பயிற்சி வீட்டில்தான் நடக்கிறது. இதற்கு விளையாட்டுச் சாமான் எதுவும் வாங்க வேண்டாம். குளியல், சாப்பாடு, துணி மடிப்பது, கடைக்குப் போவது, இவை போதும்.

கேள்வியைக் குறையுங்கள். "இது என்ன? சொல்லு. ஆப்பிள் சொல்லு" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. குழந்தைக்கு அது பரீட்சை. கேள்விக்குப் பதிலாக, நடப்பதைச் சொல்லுங்கள். குழந்தை தண்ணீரைக் கொட்டினால், "தண்ணி கொட்டிருச்சு. தரையெல்லாம் ஈரம். துடைப்போம். துடை, துடை." ஒரு கேள்வி கேட்டால் நாலு வாக்கியம் சொல்லுங்கள். குழந்தையின் கண் எங்கே இருக்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். அது பல்லியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் படப் புத்தகத்து யானையைக் காட்டினால் சொல் ஒட்டாது.

சொல்லிவிட்டுக் காத்திருங்கள். இதுதான் கடினம். மனதுக்குள் ஒன்று முதல் ஐந்து வரையாவது, முடிந்தால் பத்து வரை எண்ணுங்கள். அதற்குள் குழந்தை ஒலி எழுப்பலாம், பார்க்கலாம், கையை நீட்டலாம். எதுவானாலும் அது ஒரு பதில்தான். உடனே நீங்கள் பதில் பேசுங்கள். பந்தை உருட்டி விளையாடுவது போல, ஒரு முறை உங்களுடையது, ஒரு முறை அதனுடையது.

சொன்னதை ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். குழந்தை "கா" என்றால் "ஆமா, காக்கா!" 'காக்கா' என்றால் "காக்கா பறந்துருச்சு." "கார் போ" என்றால் "சிவப்புக் கார் போகுது." தப்பு, இப்படிச் சொல்லு என்று திருத்த வேண்டாம், சரியான வடிவத்தை நீங்கள் சொன்னால் போதும். ஒற்றைச் சொல் பேசும் குழந்தையிடம் இரண்டு மூன்று சொல் வாக்கியமாகப் பேசுங்கள். நீண்ட வாக்கியத்தில் சொல் தொலைந்துவிடும்.

வினைச்சொற்களை விட்டுவிடாதீர்கள். சுவரில் பழம், காய், மிருகப் படங்களை ஒட்டிப் பெயர்களாகவே கற்றுக்கொடுக்கிறோம். 'மயில்', 'திராட்சை' தெரிந்த குழந்தைக்கு 'திற' தெரியாவிட்டால் இரு சொல் வாக்கியம் வராது. முதல் 50 சொற்களில் இவை இருக்கும்படி பாருங்கள்: வா, போ, தா, எடு, திற, மூடு, ஊத்து, ஏறு, இறங்கு, தூக்கு, வேணும், வேணாம், இல்ல, இன்னும், எங்க, சூடு, என்னது. இவற்றில் ஒவ்வொன்றும் வேறு ஒரு சொல்லோடு சேர்ந்து உடனே வாக்கியமாகிவிடும்: 'இன்னும் தோசை', 'தாத்தா எங்க', 'பால் வேணாம்'. படிக்கட்டில் ஏறும்போதெல்லாம் "ஏறு, ஏறு", இறங்கும்போதெல்லாம் "இறங்கு, இறங்கு" என்று ஒரு வாரம் சொல்லிப் பாருங்கள்.

ஒலிச்சொற்கள் தமிழில் நமக்குக் கிடைத்த பெரிய சொத்து. மழை சோன்னு பெய்யுது, கதவு டமால்னு சாத்துச்சு, தொபுக்கடீர்னு விழுந்துட்டான், மணி டிங் டிங், தண்ணி சலசல. பேசாத குழந்தைகள் பலர் முதலில் பிடித்துக்கொள்வது இவற்றைத்தான், ஏனென்றால் ஒலியும் செயலும் ஒன்றாக வருகின்றன. மடியில் ஆட்டும் விளையாட்டு, உள்ளங்கையில் பருப்புக் கடைந்து விரல்களுக்குச் சோறு ஊட்டி, கையில் நண்டு ஊர விடும் விளையாட்டு எல்லாம் இதே வேலையைச் செய்கின்றன. கடைசி இடத்தில், கிச்சுகிச்சு மூட்டுவதற்கு முன், நிறுத்திக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். அது 'ம்' என்றாலும், உடலை அசைத்தாலும் உடனே தொடருங்கள்.

தேர்வு கொடுங்கள். "சாப்பிடறியா?" என்றால் தலையாட்டிவிடும். "இட்லியா, தோசையா?" என்று இரண்டையும் காட்டினால் ஒரு சொல்லுக்கு இடம் உண்டு. பிடித்த பொருளைக் கண்ணாடி டப்பாவில் மூடித் தெரியும்படி வையுங்கள். திறக்க உங்களிடம் வர வேண்டிய தேவை உண்டாகும். ஆனால் "சொன்னாத்தான் தருவேன்" என்று தண்ணீரையும் சாப்பாட்டையும் நிறுத்திவைக்கக் கூடாது. நீங்கள் சொல்லைச் சொல்லுங்கள், காத்திருங்கள், குழந்தை சைகை காட்டினாலும் சொல்லிக்கொண்டே கொடுத்துவிடுங்கள்.

தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் குழந்தை கேட்பதற்கு முன்பே எல்லாம் கைக்கு வந்துவிடும். அவர்களிடம் கோபித்துப் பயனில்லை. ஒரு வேலை கொடுங்கள்: தினமும் மாலையில் கோழியையும் பூச்செடியையும் காட்டிப் பேசுவது பாட்டியுடையது, கடைக்குக் கூட்டிப்போய் வருவது தாத்தாவுடையது என்று. அவர்களிடம் இருக்கும் பேச்சு வளம் நம் தலைமுறையிடம் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் வந்ததும் போனை வைத்துவிட்டு 15 நிமிடம் தரையில் உட்கார்ந்தாலே போதும்; தினமும் என்பதுதான் முக்கியம்.

எந்த மொழி? உங்களுக்கு எது சரளமோ அது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. "பள்ளிக்கு இங்கிலீஷ் வேணும், வீட்டிலும் இங்கிலீஷ்லயே பேசுங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். திக்கித் திணறிப் பேசும் மொழியில் கொஞ்சலும் வராது, கோபமும் வராது, கதையும் வராது; குழந்தைக்குக் கிடைக்கும் சொற்கள்தான் குறையும்.

படப் புத்தகத்தைப் படித்து முடிக்க வேண்டியதில்லை. ஒரே பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் நல்லது. ஒரே புத்தகத்தை நூறு முறை கேட்டாலும் காட்டுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். அச்செடுத்துக் கொடுங்கள், போனில் காட்ட வேண்டாம். வீட்டுப் புகைப்பட ஆல்பம் இதைவிடவும் நன்றாக வேலை செய்கிறது.

உச்சரிப்பைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். 'ர', 'ழ' எல்லாம் மெதுவாகத்தான் வரும். 'ரயில்' என்பதை 'லயில்' என்று சொல்வது இரண்டரை வயதில் இயல்பு.

7. போன், டிவி

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது தெளிவானது: இரண்டு வயதுக்குக் கீழ் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். திரை பேசும், ஆனால் குழந்தையின் பதிலுக்குக் காத்திருக்காது. சாப்பாட்டு நேரத்தில்தான் இதை நிறுத்துவது கடினம். முதல் நான்கைந்து நாள் குழந்தை குறைவாகச் சாப்பிடும், அழும். வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு, விருந்தாளி யாரும் வராத ஒரு வாரத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் சீரியலும் கணக்கில் சேரும். அந்த நேரத்தில் பெரியவர்கள் குழந்தையோடு பேசுவது தானாகக் குறைந்துவிடும்.

8. பேச்சுப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது

'பிஏஎஸ்எல்பி' என்பது இதற்கான நான்கு ஆண்டுப் பட்டம். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். சொல்லாத இடத்தில் சேர்க்காதீர்கள். முதல் அமர்விலேயே மூன்று கேள்விகள் கேளுங்கள்: அடுத்த மூன்று மாதத்துக்கு இலக்கு என்ன? வாரா வாரம் வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அமர்வின்போது நான் உள்ளே உட்காரலாமா? குழந்தையை வாசலில் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தும் இடத்தில் உங்களுக்கு ஒன்றும் கற்றுக்கொள்ளக் கிடைக்காது.

பொறிகள் சில. 'மூன்று மாதத்தில் பேச வைப்போம்' என்று உறுதி தருபவர்களை நம்ப வேண்டாம்; மொத்தமாக ஐம்பது அமர்வுக்கு முன்பணம் கேட்டாலும் கட்ட வேண்டாம், மாதாமாதம் கட்டுங்கள். அமர்வு முழுக்க விசில் ஊதுவதும் வாய்க்குள் பிரஷ் தேய்ப்பதுமாகவே போனால் கேள்வி கேளுங்கள். ஊதுவதால் பேச்சு வரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நாக்கின் அடியில் ஒட்டியிருக்கிறது, வெட்டினால் பேசும் என்பார்கள். நாக்கு ஒட்டு சில ஒலிகளைப் பாதிக்கலாமே தவிர, சொற்களே வராமல் செய்யாது. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவதைக் குழந்தைகள் நல மருத்துவர்கள் வேண்டாம் என்றே சொல்கிறார்கள். தேனை ஒரு வயதுக்குள் நாக்கில் வைக்கவே கூடாது. போட்டுலிசம் என்ற கடுமையான நோய் வரக்கூடும்.

9. காலக் கணக்கும் அங்கன்வாடியும்

முதல் வாரம் குறிப்பும் கோப்பும். இரண்டாம் வாரம் (நாள் கடத்தக் கூடாத அறிகுறி இருந்தால் முதல் வாரமே) குழந்தைகள் நல மருத்துவர், காது சோதனைக்குத் தேதி. ஒரு மாதத்துக்குள் காது முடிவு கையில் இருக்க வேண்டும். வீட்டு வேலை முதல் நாளிலிருந்தே. மாதத்தின் முதல் தேதியில் நோட்டில் உள்ள சொற்களை எண்ணிப் பக்கத்தின் மேலே எழுதுங்கள். தினமும் எண்ணினால் மனம் சோர்ந்துவிடும். சொல் கூடாவிட்டாலும் கண் பார்ப்பது, காட்டுவது, புரிந்துகொள்வது கூடியிருக்கிறதா என்று பாருங்கள், முதலில் அசைவது அங்கேதான். மூன்று மாதத்தில் எதுவுமே மாறவில்லை என்றால் பயிற்சியாளரிடம் இலக்கை மாற்றி எழுதச் சொல்லுங்கள், அல்லது வேறு ஒருவரிடம் மறு மதிப்பீடு கேளுங்கள்.

இரண்டு வயது முடிந்ததும் அங்கன்வாடியில் விடுவது நல்லது. மற்ற பிள்ளைகளின் பேச்சு காதில் விழும், சேர்ந்து பாடும் நேரம் உண்டு, செலவு இல்லை. தனியார் விளையாட்டுப் பள்ளி என்றால் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்: ஆசிரியர் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து பேசுகிறாரா, டிவியில் பாட்டைப் போட்டுவிட்டு நிற்கிறாரா என்று தெரிந்துவிடும். சேர்க்கும் நாளில் ஆசிரியரிடம் ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதிக் கொடுங்கள்: குழந்தை இப்போது சொல்லும் சொற்கள், தண்ணீருக்கும் பாத்ரூமுக்கும் எப்படிக் காட்டும், எதைக் கண்டால் பயப்படும், காது சோதனை முடிவு என்ன. ஒரு காதில் கேட்கும் திறன் குறைவென்றால், நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்கார வைக்கச் சொல்லி அதையும் அதே தாளில் எழுதுங்கள்.